அத்தியாயம் 6: வலம்புரியை அச்சடிப்பது எப்படி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை நெருங்கும்போது சங்கு விற்கும் கடைகள் தொடங்கிவிடும். அங்கே குவிந்து கிடப்பவை அநேகமாக எல்லாமே இடம்புரி. கூம்பு மேலே இருக்கும்படியும் வாய் நம்மைப் பார்க்கும்படியும் ஒரு சங்கைப் பிடித்தால், அதன் வாய் வலப்பக்கம் திறந்திருக்கும். விலங்கியல் நூல்கள் இதை வலச்சுழல் என்கின்றன. நம் மரபில் கூம்பு கீழே போகும்படி பிடிப்பார்கள். அப்போது வாய் இடப்பக்கம் வந்துவிடும், பெயரும் இடம்புரி ஆகிவிடும். பிடிக்கும் விதத்தைப் பொறுத்துப் பெயர்தான் மாறுகிறது, சுழி மாறுவதில்லை. ஓர் இடம்புரிச் சங்கை எத்தனை விதமாகச் சுற்றி வைத்தாலும் அது வலம்புரி ஆகாது. கடலில் வலம்புரி மிக அரிதாகவே பிறக்கிறது. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு, அதன் பெயரில் அவ்வளவு மோசடி.

அந்தக் கடையில் ஓர் இடம்புரிச் சங்கை வாங்கி வந்து, அதைப் பார்த்து வரைந்து, அந்தப் படத்தை லினோலியப் பலகையில், அதாவது லினோவில், செதுக்கி அச்செடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். யோசிக்காமல் செய்தால் தாளில் வந்து விழுவது வலம்புரி! கடல் அரிதாகச் செய்வதை அச்சு ஒவ்வொரு முறையும் செய்துவிடுகிறது. இதைத் தடுக்க வேண்டுமானால், படத்தைத் தாளிலிருந்து லினோவுக்கு மாற்றும் அந்தப் பத்து நிமிட வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

லினோ அச்சு பழகுகிறவர்கள் பலரும் உளி பிடிப்பதைத்தான் கலை என்று நினைக்கிறார்கள். படத்தை மாற்றுவதை வெறும் முன்வேலையாகக் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த முன்வேலையில் வடிவியல் இருக்கிறது, ஒளியியல் இருக்கிறது, உராய்வின் இயற்பியல் இருக்கிறது, எண்ணெயின் வேதியியலும் இருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு கேள்விகளில் அடக்கிவிடலாம். படம் எத்தனை முறை புரண்டது? தடம் எந்தப் பரப்பை விட்டு எந்தப் பரப்பில் ஒட்டியது?

ரெம்பிராண்ட் விட்டுவிட்ட சுழி

1650இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் வரைந்து அச்செடுத்தார். கறுப்பு உடலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட அந்தச் சங்கின் விலங்கியல் பெயர் கோனஸ் மார்மோரியஸ். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் வாழ்வது. அந்தக் காலத்தில் கீழைக் கடல்களிலிருந்து கப்பலில் ஐரோப்பாவுக்குப் போய் அரும்பொருள் சேகரிப்புகளில் இடம்பிடித்தது. உண்மையான சங்கு வலச்சுழல். ரெம்பிராண்டின் அச்சில் அது இடச்சுழல்.

காரணம் எளிது. சங்கைப் பார்த்தபடியே தகட்டில் வரைந்திருக்கிறார். தகட்டின் மேல் தாளை வைத்து அழுத்தியதும் இடம் வலமாகிவிட்டது. ஆனால் அதே படத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்தும் ஆண்டும் நேராகவே படிக்கக் கிடைக்கின்றன. அதாவது எழுத்தைத் தகட்டில் திருப்பி எழுத வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சங்கைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அல்லது அது அவசியம் என்று அவர் கருதவில்லை. அந்தக் காலத்து இயற்கை வரலாற்று நூல்களிலும் இப்படிச் சுழி மாறிய சங்குகளையும் நத்தைகளையும் காணலாம். எழுத்து புரண்டால் கண்ணை உறுத்துகிறது. சங்கு புரண்டால் பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை.

புரளுவதை எண்ணுவோம்

ஒரு பரப்பில் உள்ள படம் இன்னொரு பரப்பை முகத்தோடு முகம் தொட்டு அங்கே ஒட்டும்போது, ஒரு முறை புரள்கிறது. மீண்டும் ஒரு முறை தொட்டால் மீண்டும் புரள்கிறது, பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே விதி இதுதான்: மூலப் படத்திலிருந்து கடைசித் தாள் வரை எத்தனை முறை புரண்டது என்று எண்ணுங்கள். இரட்டைப்படையானால் படம் நேர், ஒற்றைப்படையானால் இடவலம் மாறியது. தாளைச் சுற்றி வைப்பதும் தலைகீழாக்குவதும் கணக்கில் சேராது. முன்புறத்தைப் பின்புறமாகத் திருப்புவது மட்டுமே சேரும்.

இந்தக் கணக்கை வைத்து வழக்கமான வழிகளைப் பார்ப்போம். லினோ மீதே நேரடியாக வரைந்தால், அச்சில் ஒரே ஒரு புரளல், படம் மாறிவிடும். லினோ மேல் கார்பன் தாளை வைத்து, அதன் மேல் படத்தை முகம் மேலாக வைத்துக் கோடுகளை அழுத்தினாலும் அதே கதிதான். லினோவில் படம் நேராகத் தெரியும், மனதுக்கும் திருப்தியாக இருக்கும், அச்சில் வலம்புரி வரும். டிரேசிங் தாளின் பின்பக்கம் முழுக்கப் பென்சிலைத் தேய்த்து, முன்பக்கம் கோடுகளின் மேல் வரைந்தாலும் அப்படியே.

சரியான வழிகள் இரண்டு. மென்மையான பென்சிலால் டிரேசிங் தாளில் படியெடுத்து, அந்தத் தாளைக் கவிழ்த்து, பென்சில் கோடுகள் லினோவைத் தொடும்படி வைத்துத் தேய்ப்பது ஒன்று. லினோவில் ஒரு முறை புரளும், அச்சில் இரண்டாம் முறை புரளும், இடம்புரி இடம்புரியாகவே வெளியே வரும். இன்னொன்று, டிரேசிங் தாளைக் கவிழ்த்து, அதன் பின்புறம் தெரியும் கோடுகளைப் பின்பற்றிக் கார்பன் தாள் மூலம் லினோவில் பதிப்பது. அங்கே தாளைக் கவிழ்த்ததே முதல் புரளல். ஊடுருவித் தெரியும் தாளுக்கு இரண்டு முகங்கள் இருப்பதால்தான் இது முடிகிறது.

நாளிதழ் அச்சகங்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. ஆஃப்செட் எந்திரத்தின் தகட்டில் எழுத்து நேராகவே இருக்கும். தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கு மை போகும்போது புரள்கிறது, உருளையிலிருந்து தாளுக்குப் போகும்போது மீண்டும் புரள்கிறது. காலையில் வாசலில் விழும் செய்தித்தாள் இரு முறை புரண்டு நேரானது.

எழுத்திலும் கோலத்திலும்

தாம்பரம் என்ற ஐந்து எழுத்தைக் கட்டமான வடிவத்தில் எழுதி லினோவுக்கு மாற்றிப் பாருங்கள். சரியாக மாற்றியிருந்தால், லினோவில் அந்தச் சொல் வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கம் நகரும். முதல் எழுத்தான 'த' வலக்கோடிக்குப் போகும், அதன் கால் அதற்கு இடப்பக்கம் வந்து நிற்கும். கடைசி 'ம்' இடக்கோடிக்கு வரும், மற்ற 'ம்' நடு எழுத்துக்கு வலப்பக்கம் போகும். அவற்றின் புள்ளி மட்டும் தலைக்கு மேலேயே இருக்கும். நடுவில் நிற்கும் 'ப' இடமும் மாறாது, உருவமும் மாறாது. அது இடவலம் ஒத்த எழுத்து. ஆய்த எழுத்தும் அப்படியே. 'ட' அப்படியில்லை, புரண்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னையின் தெற்குப் புறநகரில் எழுத்துக்கும் ஓவியத்துக்குமான உறவு புதிதல்ல. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சக ஓவியர்களோடு தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இன்றும் இருக்கிறது. சொற்களும் குறியீடுகளும் என்ற அவருடைய ஓவிய வரிசையில் எழுத்துப் போன்ற கோடுகளும் கணக்குக் குறிகளும் கட்டங்களும் திரை முழுக்க நிறைந்திருக்கும். திரையில் தூரிகையால் தீட்டுகிறவருக்குப் புரளல் என்ற பிரச்சினையே இல்லை. அப்படிப்பட்ட ஒரு படத்தை லினோவில் வெட்ட நினைக்கும் மாணவர் ஒவ்வொரு குறியையும் திருப்பியாக வேண்டும்.

கோலத்துக்கு வருவோம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பின்னாளில் அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் கணிதப் பேராசிரியரான ராணி சிரோமணியும் ஆய்வாளர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, வாசலில் போடும் கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். 1974இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை, கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்க முடியும் என்று காட்டியது. சின்னஞ்சிறு அலகுகள், அவற்றை அடுக்க ஒரு சில விதிகள், அந்த விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பெரிய கோலம்! மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இருக்கலாம் என்ற எண்ணத்தை உலகக் கணினி ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதற்கு எடுத்துக்காட்டாக நின்றது நம் தெருவின் கோலம்.

லினோவில் கோலத்தை வெட்டுகிறவருக்கு ஒரு கேள்வி எழும்: இந்தக் கோலத்தைத் திருப்பித்தான் ஆகவேண்டுமா? சில கோலங்களின் நடுவே ஒரு கோடு கிழித்தால் இடப்பாதி வலப்பாதியின் பிம்பமாக இருக்கும். அவற்றை எப்படி மாற்றினாலும் அச்சு ஒன்றுதான். வேறு சில சிக்குக் கோலங்களைக் கால் சுற்று சுற்றினால் தம்மோடு தாமே பொருந்தும். பிம்பத்தோடு மட்டும் பொருந்தவே பொருந்தாது. அவற்றில் கம்பி ஒரு திசையில் சுழன்று ஓடுகிறது. அச்சில் புரண்டால் அந்தச் சுழற்சி எதிர்த்திசைக்குப் போய்விடும். இதில் ஏமாற்றுவது புள்ளிகள்தான். நேர்புள்ளியோ ஊடுபுள்ளியோ, புள்ளி வரிசை இடவலம் ஒத்தே இருக்கும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். கம்பி போகும் திசையைத்தான் பார்க்க வேண்டும்.

ஊடுருவித் தெரியும் தாள்

முதல் கேள்விக்கு வடிவியல் விடை சொல்லிவிட்டது. இரண்டாம் கேள்விக்குப் பொருள்களின் இயல்பைப் பார்க்க வேண்டும்.

சாதாரணத் தாள் ஏன் வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கிறது? தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழைக்கு நிறமே கிடையாது. இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. செல்லுலோஸின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1. இந்த வித்தியாசத்தால், ஒவ்வோர் எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது. ஆயிரக்கணக்கான எல்லைகளைக் கடந்து சிதறி வரும் ஒளியைத்தான் வெண்மை என்று பார்க்கிறோம். டீக்கடையில் வடையைச் சுற்றித் தந்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கண்ணாடிபோல் ஆகி, அடியில் உள்ள எழுத்து தெரிகிறதே, அதன் காரணமும் இதுதான். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47; செல்லுலோஸுக்கு மிக அருகில். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் எல்லைகள் ஒளியின் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன.

பழைய காலத்தில் எண்ணெய் தடவிய தாளில்தான் படியெடுத்தார்கள். இன்றைய டிரேசிங் தாளை எண்ணெய் இல்லாமலேயே செய்கிறார்கள். கூழை நெடுநேரம் அரைத்து, இழைகள் தண்ணீரில் ஊறி நசுங்கி, ஒன்றோடொன்று இறுக ஒட்டும்படி செய்கிறார்கள். காற்றுக்கு இடமே இல்லை. ஆகவே சிதறலும் குறைவு.

பென்சில் கோடு இடம் மாறுவது

பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். இரண்டையும் கலந்து சுட்டு, விகிதத்தை மாற்றிக் கடினத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்குப் பிரான்சின் நிக்கோலா ஜாக் கோந்தே 1795இல் உரிமம் பெற்றார். எச் வகையில் களிமண் அதிகம், பி வகையில் கிராஃபைட் அதிகம். படத்தை மாற்றும் வேலைக்கு 4பி அல்லது 6பி வேண்டும். எச் பென்சில் மெல்லிய, துல்லியமான கோடு தரும். ஆனால் அந்தக் கோட்டில் எடுத்துக்கொடுக்கப் பொருள் இருக்காது.

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தளத்துக்குள் அணுவுக்கும் அணுவுக்கும் 0.142 நானோமீட்டர், பிணைப்பு மிக வலுவானது. தளத்துக்கும் தளத்துக்கும் 0.335 நானோமீட்டர், பிடிப்பு மிகவும் தளர்வானது. அதனால்தான் பென்சில் எழுதுகிறது: தளங்கள் வழுக்கிக் கழன்று தாளில் தங்குகின்றன. அதே காரணத்தால் அந்தக் கோட்டை இன்னொரு பரப்பின் மேல் வைத்து அழுத்தினால், கோட்டின் மேல் அடுக்குகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன, கீழடுக்குகள் பழைய இடத்திலேயே தங்குகின்றன. பிளவு நடப்பது கோட்டின் உள்ளே. ஒரு டிரேசிங் தாளைக் கொண்டு இரண்டு லினோவில்கூடப் பதிக்க முடிவதும் இரண்டாவது வெளிறி வருவதும் இதனால்தான்.

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டைத் திரும்பத் திரும்ப உரித்து, ஒரே ஓர் அணு தடிமன் உள்ள கிராஃபீனைப் பிரித்தார்கள். 2010இல் இயற்பியல் நோபல் பரிசு வந்தது. லினோவின் மேலிருந்து டிரேசிங் தாளை மெல்ல உயர்த்தும்போது நடப்பதும் இதே உரிப்புதான். அவர்கள் அதை ஒற்றை அடுக்கு வரை கொண்டுபோனார்கள்.

கிராஃபைட்டின் வழுக்கலுக்குக் காற்றின் ஈரமும் உதவுகிறது. நீராவி மூலக்கூறுகள் தளங்களின் ஓரங்களில் ஒட்டி அவற்றின் பிடிப்பைக் குறைக்கின்றன. ஈரமே இல்லாத வெற்றிடத்தில் கிராஃபைட் வழுக்குவதை விட்டு உரச ஆரம்பித்துவிடும். அந்தக் கவலை நமக்கு இல்லை; கடற்காற்று நிறையவே ஈரத்தைக் கொண்டுவருகிறது.

அடுத்தது அழுத்தம். பால்பாயின்ட் பேனாவின் முனை 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்தில் தாளைத் தொடுவதாகவும், 100 கிராம் எடை அளவுக்கு நாம் அழுத்துவதாகவும் வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 140 மடங்கு. கரண்டியின் முதுகு 1 சதுர சென்டிமீட்டர் பரப்பைத் தொட, 2 கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலும் கிடைப்பது சுமார் 2 மடங்குதான். ஆகவே கரண்டியால் தேய்த்தால் படம் முழுவதும் மென்மையாக, சீராக இறங்கும். பேனாவால் கோடு கோடாகப் போனால் கறுப்பாக இறங்கும். ஆனால் கை விலகினால் அந்த விலகலும் சேர்ந்து இறங்கும். முதலில் கரண்டி, பிறகு முக்கியமான கோடுகளுக்கு மட்டும் பேனா என்பதே என் பரிந்துரை.

லினோ என்னும் உறைந்த எண்ணெய்

படம் போய்ச் சேரும் பரப்பையும் அறிந்துகொள்வோம். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் வால்டன், திறந்து கிடந்த பெயின்ட் டப்பாவின் மேல் ரப்பர் மாதிரி ஓர் ஆடை படிந்திருப்பதைக் கவனித்தார். அது ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உண்டான ஆடை. அந்த எண்ணெயை வேண்டுமென்றே உறைய வைத்து, பிசினும் கார்க் தூளும் மரத்தூளும் கலந்து, சணல் துணியின் மேல் அழுத்தித் தரைவிரிப்பு செய்தார். 1863இல் உரிமம் பெற்றார். அந்தத் தரைவிரிப்புதான் லினோலியம்.

ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கும் மேல் லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். அவற்றின் பக்கத்தில் ஆக்சிஜன் தாக்குகிறது, சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, திரவம் திண்மமாகிறது. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. எத்தனை நாள் திறந்து வைத்தாலும் அது ஆடை கட்டாது. எண்ணெய் சார்ந்த அச்சு மையிலும் வழக்கமாக இருப்பது அதே ஆளிவிதை எண்ணெய்தான். அதாவது பலகை இறுகியதும் அதில் தடவிய மை தாளில் காய்வதும் ஒரே வினையால். அந்த வினை நிற்பதும் இல்லை. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த லினோ உளிக்கு வளைந்து கொடுக்காமல் உதிர்வது, அது இன்னும் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டே இருப்பதால்தான்.

புது லினோவின் மேற்பரப்பு வழவழப்பாகவும் லேசான எண்ணெய்ப் பசையோடும் இருக்கும். கிராஃபைட் அதில் சரியாக ஒட்டாது. நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட வேண்டும். இப்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். கிராஃபைட் செதில்கள் தங்க இடம் கிடைத்துவிட்டது. அடர்ந்த பழுப்பு லினோவாக இருந்தால், வெள்ளைப் போஸ்டர் வண்ணத்தை நீர்க்கக் கலந்து ஒரு பூச்சு கொடுத்தால் பென்சில் கோடு பளிச்சென்று தெரியும்.

குளிர்நாட்டு வகுப்பறைகளில் வெட்டுவதற்கு முன் லினோவைச் சூடுகாட்டி இளக்குவார்கள். தாம்பரத்து மே மாதத்தில் அது தேவைப்படாது. சன்னல் ஓரம் சிறிது நேரம் வைத்தாலே போதும். ஆனால் படத்தை மாற்றும் வேலையை நிழலில், லினோ இளகுவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. இளகிய பரப்பில் பேனாவை அழுத்தினால் கோட்டோடு பள்ளமும் விழும்.

கவிழ்த்து, ஒட்டி, தேய்த்து

இப்போது வேலையைச் செய்வோம். படியெடுத்த டிரேசிங் தாளைக் கவிழ்த்து லினோவின் மேல் வைக்கிறோம். பென்சில் கோடுகள் கீழே. மேல் விளிம்பில் மட்டும் மாஸ்கிங் டேப். மற்ற மூன்று விளிம்புகளும் தளர்வாக. மேல் விளிம்பு கதவுக் கீல்போல் பிடித்துக்கொள்ளும். கரண்டியால் நடுவிலிருந்து வெளியே தேய்க்கிறோம். பிறகு கீழ் மூலையைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்க்கிறோம். சங்கின் கூம்பு தெளிவாக இறங்கியிருக்கிறது, வாயின் உதடு மங்கலாக இருக்கிறது. தாளை அப்படியே இறக்கினால் அது அதே இடத்தில் போய்ப் படுக்கிறது. உதட்டின் மேல் மட்டும் மறுபடி தேய்க்கிறோம். டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் இப்படிச் சரிபார்க்க முடியாது. ஒட்டாமலே விட்டிருந்தால் தாள் நகர்ந்து ஒரு கோடு இரு கோடாகியிருக்கும்.

தாளை எடுத்ததும் உடனே மெல்லிய நிரந்தர மார்க்கரால் கோடுகளின் மேல் ஒரு முறை போய்விடுங்கள். நம் ஊரில் உள்ளங்கை வியர்வை ஓயாது. வெட்டும்போது கை லினோவின் மேல்தான் ஊன்றும். அரை மணி நேரத்தில் கிராஃபைட் தேய்ந்து சாம்பல் படலமாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு முடிவும் எடுக்க வேண்டும். வரைந்த கோடு அச்சில் வெள்ளையாக வரவேண்டுமா, கறுப்பாகவா? 1930இல் சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் வெட்டிய காந்தியின் லினோ அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டி யாத்திரை நடந்த ஆண்டு அது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகக் காந்தி கோலூன்றி நடக்கிறார். அங்கே கோடு என்பதே உளி ஓடிய பள்ளம். மாற்றிய பென்சில் கோட்டின் மேலேயே உளியை ஓட்டினால் போதும். கறுப்புக் கோடு வேண்டுமென்றால் கதை வேறு. கோட்டின் இரு பக்கமும் வெட்டி, கோட்டை மேடாக விட வேண்டும். அப்போது ஒற்றைக் கோடு போதாது. அதன் இரண்டு விளிம்புகளும் படத்தில் இருக்க வேண்டும். வெட்ட வேண்டிய பகுதியில் சாய்கோடுகள் போட்டு வைத்துவிட்டால் கை தவறாது.

தைக்கிறவர்களின் முறை

குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் ஆரி வேலை செய்யும் பிளவுஸ் கடைகள் நிறைய. அங்கேயும் நாளெல்லாம் படம் மாற்றும் வேலை நடக்கிறது, வேறு முறையில். டிரேசிங் தாளில் வரைந்த கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். தாளைத் துணியின் மேல் விரித்து, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்பார்கள். பொடி துளை வழியே இறங்கிப் புள்ளிக் கோடாக நிற்கும். மண்ணெண்ணெய் ஆவியாகிப் போய்விடும். தண்ணீரில் குழைத்திருந்தால் அது துணியில் பரவிக் கோட்டைக் கலைத்திருக்கும்.

இங்கே படம் முகத்தோடு முகம் தொடுவதில்லை, துளை வழியே கடந்து போகிறது. ஆகவே புரளல் பூஜ்யம். அதோடு துளைக்கு முன்பின் கிடையாது. வலது கைக்கு ஒரு பக்கமாக வைத்துத் தேய்த்த தாளை, இடது கைக்குக் கவிழ்த்து வைத்தால் இரண்டு கைகளிலும் மயில்கள் ஒன்றையொன்று பார்க்கும். லினோ செதுக்குகிறவர் தவிர்க்கப் பாடுபடும் புரளலை ஆரித் தொழிலாளி வேலைக்கு வைத்துக்கொள்கிறார். ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்.

மழைக்காலத்துத் தாள்

பல நிற அச்சுக்கு நிறத்துக்கு ஒரு லினோ வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே டிரேசிங் தாளிலிருந்து படம் போகவேண்டும், ஒன்றின் மேல் ஒன்று துல்லியமாக விழ வேண்டும். இங்கே ஈரம் எதிரியாகிறது. செல்லுலோஸ் இழை ஈரத்தை உறிஞ்சும்போது நீளத்தில் மிகக் கொஞ்சமாகவும் அகலத்தில் அதைப் போல் பல மடங்காகவும் உப்புகிறது. எந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதால், தாளும் ஒரு திசையில் அதிகம் விரியும். இழைகள் இறுகி நெருங்கிய டிரேசிங் தாளில் இது இன்னும் அதிகம்; ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே அது சுருண்டு எழுவதைப் பார்க்கலாம். விரிவு அரை சதவீதம் என்றால்கூட, 20 சென்டிமீட்டர் படத்தில் 1 மில்லிமீட்டர் விலகல். கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு லினோவை இன்று பதித்து, அடுத்ததை மழைவிட்ட பிறகு ஒரு நாள் பதிக்க நினைத்தால் நிறங்கள் பொருந்தாமல் போவது இதனால்தான். எல்லா லினோவையும் ஒரே அமர்வில் பதித்துவிட வேண்டும். இன்னும் உறுதியான வழி, முதல் லினோவை முழுதும் வெட்டி அச்செடுத்து, அந்த மை காயும் முன்பே அச்சை அடுத்த லினோவின் மேல் கவிழ்த்து ஒற்றுவது. லினோவிலிருந்து தாளுக்கு ஒரு புரளல், தாளிலிருந்து அடுத்த லினோவுக்கு இன்னொன்று. ஆகவே இரண்டு லினோக்களும் ஒரே முகமாக இருக்கும். அவற்றிலிருந்து வரும் அச்சுகளும் பொருந்தும். எண்ணிப் பார்த்தால் ஏன் என்பது தெளிவாகும்.

மூலக்கூறுக்கும் இடவலம் உண்டு

இந்தக் கணக்கு படத்தோடு முடிந்துவிடுவதில்லை. புதினாவின் மணத்துக்கும் சதகுப்பை விதையின் மணத்துக்கும் முக்கியக் காரணம் கார்வோன் என்ற ஒரே சேர்மம். அணுக்களும் அதே, பிணைப்புகளும் அதே. புதினாவில் இருப்பது ஒன்று, சதகுப்பையில் இருப்பது அதன் கண்ணாடிப் பிம்பம். எப்படிச் சுற்றினாலும் ஒன்று மற்றதாகாது, இடம்புரிச் சங்கு வலம்புரி ஆகாததுபோலவே. நம் மூக்கில் உள்ள ஏற்பிகளுக்கும் இடவலம் இருப்பதால் இரண்டையும் வேறு வேறு மணமாக உணர்கிறோம். இந்தப் பண்பைப் படிக்கத்தான் வேதியியலில் ஒரு பெரும் பிரிவே இருக்கிறது.

பதினோராம் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள். கரும்பலகையில் வரைந்த இரண்டு படங்களைப் பார்த்து, ஒன்று மற்றதன் மேல் பொருந்தாது என்று நம்பச் சொல்கிறோம். கை அதைச் செய்து பார்த்ததில்லை. ஆறாம் வகுப்பிலேயே ஒரு துண்டு லினோ, ஒரு டிரேசிங் தாள், ஒரு 4பி பென்சில், ஒரு சங்கு ஆகியவற்றைக் கொடுத்து, இடம்புரியை இடம்புரியாகவே அச்செடுத்துக் காட்டச் சொல்லலாம். எத்தனை முறை புரண்டது என்று ஒவ்வொருவரும் தம் தாளின் ஓரத்தில் எழுதட்டும். ஓவிய வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் இடையே சுவர் தேவையில்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். உளி பிடிக்கும் வயது வராதவர்களுக்கு உருளைக்கிழங்கை வெட்டிக் கொடுத்தாலும் போதும். புரளல் அங்கேயும் அப்படியேதான் நடக்கும்.